ஜப்பான் படத்தில் நான் தூங்கிய கதை

போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ராஜபாளையத்தில் சினிமா ஆர்வலர்கள் சிலர் சின்ன அரங்கம் ஒன்றில் விருது வாங்கிய ஜப்பானியப் படத்தைத் திரையிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நானும் போயிருந்தேன். உலக சினிமா மேல் ஆசை என்று சொன்னால் பொய். என் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பகலில் பள்ளிக்கூட வேலை, இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை. தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியது எப்போது என்றே நினைவில்லை.

அன்று சேத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார், "அண்ணன நான் பாத்துக்கிடுதேன். செத்த நேரம் எங்கயாச்சும் போயிட்டு வாங்க மதினி" என்று விரட்டிவிட்டாள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஏசி இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் போனேன்.

மழை பெய்யும் ஒரு தெரு திரையில் வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

விளக்கு எரிந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்தவரின் தோளில் என் தலை கிடந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் அக்கா. என் போன் அவர் கையில் இருந்தது.

"உங்க மடியில கெடந்து மூணு தடவ அதிர்ந்துச்சு. எழுப்ப மனசு வரல. நானே பேசிட்டேன்."

"வீட்ல நோயாளி கெடக்காரு. எம் போன எடுக்க நீங்க யாரு?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் போனைக் கொடுத்துவிட்டு, மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனார்.

பதறிப்போய் நாத்தனாரை அழைத்தேன். "சத்துமாவு டப்பா எங்கன்னு கேக்கத்தான் அடிச்சேன் மதினி. நீங்க அசந்து தூங்குதீகன்னு அவுக சொன்னாக. பொறவு நானே தேடி எடுத்துட்டேன்" என்றாள்.

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும்மா. எம்மக ஜப்பான்லதான் முதியோர் இல்லத்துல வேல பாக்கா. எங்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிருவா. அவ இருக்க ஊரு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

நான் பார்க்காத படத்தை வழி நெடுகச் சொன்னார். பேச்சில்லாமல் இருந்த அக்காள் தங்கை இருவர், அம்மா செத்த வீட்டைக் காலி செய்ய வந்து ஒரே அறையில் படுக்கிறார்கள். "ரெண்டு பேருக்கும் பாசம் இருக்கு. சொல்லத்தான் தெரியல" என்றார்.

"கீழ வந்த இங்கிலீஷ் எழுத்தப் படிச்சீகளா அக்கா?"

"எனக்கு எங்க இங்கிலீஷு வரும்? முகத்தப் பாத்தாலே தெரியுதே."

அன்று சாயங்காலம் அந்தக் கதையைக் கணவரிடம் சொன்னேன். குழறிய நாக்கால் "பொறவு?" என்று இரண்டு தடவை கேட்டார். மருந்தையும் சாப்பாட்டையும் தவிர நாங்கள் வேறு எதையாவது பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

என் களைப்பு இன்னும் தீரவில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் "பொறுமையா இரு" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னைத் தூங்கவிட்டவர் பெயர்கூடத் தெரியாத அந்த அக்கா ஒருவர்தான்.