ஆறுதல் ஆவுடையப்பன்

செருப்பை வாசலில் கழற்றும்போதே ஆவுடையப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். காய்ந்த கண்ணை மேல்துண்டால் ஒருமுறை ஒற்றுவார். பிறகு, "புள்ள எங்கன?" என்று கேட்டபடி உள்ளே நுழைந்து, நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து உட்காருவார்.

சங்கரன்கோவிலில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமில்லை என்று பதில் வந்தாலும், அன்று சாயங்காலம் அவர் அங்கே இருப்பார். பத்திர ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஆறுதல் சொல்வதுதான் உத்தியோகம். இடம் கிடைத்த பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

முதலில் காப்பி. அடுத்து, இடம் கிடைத்தவன் பெயர். "கடையநல்லூர் ரசூல் மகனுக்குக் கெடச்சிருக்காம்லா. உன்னவிட மார்க்கு கம்மிதான். என்ன செய்ய, தலையெழுத்து." பையன் தலை குனிந்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "அழாத மக்கா. அழுதா சீட்டு வந்துருமா?"

போன வருஷம் பருத்தி வியாபாரி தங்கசாமியின் மகள் கோமதித்தாய்க்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கியவள். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தவளைத் தாய் பார்வதியம்மாள் அப்போதுதான் கெஞ்சி எழுப்பி, இட்லித் தட்டின் முன் உட்கார வைத்திருந்தாள். ஆவுடையப்பன் வந்துவிட்டார்.

"பொட்டப்புள்ள டாக்டருக்குப் படிச்சு ஊரான் பொணத்தயா அறுக்கப் போற? நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோ. இனி உங்கப்பா காலாகாலத்துல மாப்பிள்ள பாத்துருவாக."

கோமதி கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். அவர் போன பின், புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் அடுப்பங்கரையில் போட்டு, ஒன்றைத் தீயில் வைத்தாள். பார்வதியம்மாள் வெறுங்கையால் அதை வெளியே இழுத்தாள்.

"ஏட்டி, அந்தாளு பேசினதுக்குப் புஸ்தகம் என்ன செய்யும்? அழணும்னா நல்லா அழு. அழுது முடிச்சிட்டு மறுபடி காலேஜுக்கு எழுதிப்போடு. அந்தாளு இந்த வாசப்படி ஏறாம நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாளும் வந்தவரை அவள் நடையிலேயே நிறுத்தினாள். "புள்ள படிக்கா, அண்ணாச்சி." கதவு சாத்தப்பட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு பையனுக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தது.

இந்த வருஷம் கோமதிக்கு இடம் கிடைத்துவிட்டது. "அன்னைக்கு நான் சொன்ன சொல்லுதான் புள்ளைக்கு ரோசத்தக் கெளப்பிட்டு" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார் ஆவுடையப்பன். அவள் பட்டணம் புறப்பட்ட அன்று பஸ் நிலையத்துக்கும் வந்துவிட்டார். ஜன்னலோரம் இருந்தவளை ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கோமதி ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். உயர்த்திய கையை அப்படியே திருப்பி, கண்டக்டரை ஆசீர்வதித்தார்.