‘விடு’ என்றால் விடுவதா, பிடிப்பதா?

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தப்பு யாருடையது என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சென்னையை ஒட்டிய முடிச்சூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் அறுபது வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் அதிகம். பிறகு தெலுங்கு, மலையாளம், வடக்கேயிருந்து வந்தவர்கள். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிப்போம். லிஃப்டில் “சாப்ட்டீங்களா?” என்போம், பதில் வருவதற்குள் மாடி வந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் உணவுத் திருவிழா உண்டு. அவரவர் ஊர்ப் பலகாரத்தோடு அவரவர் மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய், தின்று, “சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்வோம். அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒற்றுமை, ஒற்றுமை என்று கைதட்டிக்கொள்வோம். மறுநாள் அதே குழுவில், யார் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு நடைபாதையை அடைக்கிறது என்று சண்டை நாறும்.

மூன்றாவது மாடியில் முப்பது வயதில் ஒரு பெண் இருந்தாள். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு வருஷமாக நாங்கள் அவளை ‘இந்திக்காரம்மா’ என்றுதான் சொல்லிவந்தோம். அவளுக்கு ஊர் கட்டாக், வீட்டில் பேசுவது ஒடியா என்பதெல்லாம் பந்தாட்டம் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் செய்த பலகாரத்தை இரண்டு திருவிழாவிலும் நான் தின்றிருக்கிறேன், அதுதான் வேடிக்கை.

பந்தாட்டம் என்றால் த்ரோபால். சேலையூரில் ஒரு குடியிருப்பு, சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்களுக்குப் போட்டி வைப்பதாக அழைத்திருந்தது. அந்தந்தக் குடியிருப்பில் வசிப்பவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது நிபந்தனை. அணிக்கு ஏழு பேர் வேண்டும். எங்கள் அறுபது வீட்டிலிருந்து பேர் கொடுத்ததும் சரியாக ஏழு பேர். தமிழ்ப் பெண்கள் மூன்று, தெலுங்குக்காரர்கள் இரண்டு, மலையாளி ஒருத்தி, அப்புறம் இவள். கல்லூரியில் ஆடியவள் என்ற ஒரே தகுதியில் நான் கேப்டன். அந்தக் கல்லூரிக் காலம் முடிந்து இருபத்தைந்து வருஷமும் பதினைந்து கிலோவும் ஆகியிருந்தன.

ஒரு நாள் வண்டி நிறுத்துமிடத்தில் அவளுடைய கணவர் என் கணவரிடம் பேசியிருக்கிறார். அவளுக்கு இங்கே ஒட்டவே இல்லையாம். பேச ஆள் இல்லையாம். பரீட்சை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கட்டாக்குக்கே போய்விடுகிறேன் என்கிறாளாம். இப்போது சாயங்காலம் பந்தாட வருவதில்தான் கொஞ்சம் சிரிக்கிறாளாம். என் கணவர் இதை என்னிடம் சொல்லிவிட்டு, “நீ கொஞ்சம் பாத்து நடந்துக்கோ” என்றார். என்னமோ நான் பார்க்காமல் நடக்கிறவள் மாதிரி.

த்ரோபாலில் பந்தைத் தட்டக் கூடாது; இரண்டு கையாலும் பிடித்து, மூன்று விநாடிக்குள் எதிர்ப்பக்கம் எறிந்துவிட வேண்டும். ஒரே பந்தை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் தப்பு. ஆகவே யார் பிடிக்கப் போகிறார்கள் என்று குரல் கொடுத்தாக வேண்டும். முதல் வாரம் நாங்கள் யாருமே குரல் கொடுக்கவில்லை. பந்து வரும், இரண்டு பேர் மரியாதையாக ஒருவரையொருவர் பார்ப்போம், அது நடுவில் விழும். லிஃப்டில் “நீங்க முதல்ல போங்க” என்று நிற்போமே, அதே மரியாதை. இரண்டாவது மாடி அக்கா ஒருவர் மட்டும்தான் ஓயாமல் கத்துவார். யார் கையிலாவது பந்து வந்துவிட்டால், “விடு, விடு, சீக்கிரம் விடு!” மூன்று விநாடி தாண்டிவிடுமோ என்ற பதற்றம் அவருக்கு.

இரண்டாவது வாரம் நான் ஒரு பாடம் எடுத்தேன். “பந்து எனக்குன்னா நான் ‘விடு’ன்னு கத்துவேன். நீங்க ஒதுங்கிடணும்.” தமிழில்தான் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், மூன்றாவது மாடிப் பெண்ணும்தான்.

அன்றே உயரமாக ஒரு பந்து வந்தது. “விடு!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவளும் பாய்ந்து வந்து அதைப் பிடித்து, வேகமாக எறிந்தாள். எறிந்த வேகத்தில் அவள் முழங்கை என் விரலில் மோதியது. வலி உச்சந்தலைக்கு ஏறியது, கூடவே கோபமும்.

“தமிழ் புரியலன்னா எதுக்கு வர்றீங்க?”

இதை நான்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால், கணவர் சொன்னது காதில் இருக்கும்போதே சொன்னேன். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள். அடுத்த மூன்று நாள் வரவில்லை.

இரண்டாவது மாடி அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. “விடும்மா. அதான் பின் பிளாக்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே, ஸ்கூல்லல்லாம் ஆடியிருக்காம். நம்ம பொண்ணு, சொன்னாப் புரிஞ்சிக்கும்.” எனக்கும் அது சரியென்றே பட்டது. மனசு உறுத்தியது, ஆனாலும் சரியென்றே பட்டது.

சனிக்கிழமை புதுப் பெண் வந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் மேற்குத் தாம்பரம், பேச்சிலேயே தெரியும். நல்ல கை. பத்து நிமிஷம் அருமையாக ஆடினோம். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. வீங்கிய விரலோடு “விடு!” என்று கத்தினேன். அவள் அதைப் பிடித்து, என் காதோரமாக எறிந்துவிட்டு, வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“விடுன்னு சொன்னேனே!” என்றேன்.

“அதான் வுட்டேனே!” என்றாள். “இன்னாக்கா பேஜாரா கீது. அந்தக்கா விடுன்னா தூக்கிப் போடணும், நீங்க விடுன்னா சும்மா நிக்கணுமா? ஒரே வார்த்தைய வெச்சுக்கினு ரெண்டு பேரும் ரெண்டு ரூல் போட்டா நான் இன்னா பண்றது?”

மலையாளத்துப் பெண் முதலில் சிரித்தாள். அவளுக்கும் இதே சந்தேகம் இருந்ததாம், கேட்கத்தான் பயமாம். என்னைப் பார்த்துப் பயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியில் வரும் ஆள் நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்றாவது மாடிப் பெண்ணுக்குத் தமிழ் புரியாமல் போகவில்லை. முதல் வாரம் முழுக்க எங்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழைத்தான் அவள் செய்து காட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதே மூன்றாவது மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க, போகிற வழியில் என் கணவருக்குப் போன் போட்டு இந்தியில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன். கதவு திறந்ததும் அது பறந்துவிட்டது.

“தப்பு என்னோடதும்மா,” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தாள். “அக்கா, நான் கேட்டேன், விடு. நான் விட்டேன்,” என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

“உங்க பாஷையில விடுங்கறதுக்கு என்ன?”

“சாட.”

“அதுக்கு, பந்தைத் தூக்கிப் போடுன்னு அர்த்தமா, தொடாதேன்னு அர்த்தமா?”

யோசித்தாள். கையால் எறிந்து பார்த்தாள், பிறகு கையைப் பின்னால் கட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “ரெண்டும்!”

உள்ளே கூப்பிட்டு ஐஸ் கொடுத்தாள். விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டாக்குக்குப் போய்விடப் போகிறாயா என்று நேராகவே கேட்டேன். “பாக்கலாம்க்கா,” என்றாள். எதற்கும் பிடி கொடுக்காத இந்தப் பதிலை எங்களில் யாரிடம் கற்றாளோ!

மறுநாள் ‘விடு’வை ஒழித்துக்கட்டினோம். பந்து யாருக்கோ அவரவர் ‘நான்’ என்று அவரவர் பாஷையில் கத்துவது என்று முடிவானது. நாங்கள் நான், மலையாளி ஞான், தெலுங்குக்காரர்கள் நேனு. அவளுடையது ‘மூ’, மூக்கும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் மாடு, மாடு என்று கத்தின. ஒரு வாரத்தில் வார்த்தையே தேவைப்படவில்லை. குரலைக் கேட்டாலே யார் என்று தெரிந்தது. களைத்து உட்காரும்போது பேச்சும் வந்தது: மாமியார், முழங்கால் வலி, லாரித் தண்ணீர். இரண்டு வருஷச் சிரிப்பு செய்யாததை ஒரு மாதக் கத்தல் செய்தது என்று நான் நம்புகிறேன்.

போட்டியன்று விரல் சரியாகாததால் பாதி நேரம் நான் கோட்டுக்கு வெளியேதான் நின்றேன். அணிக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். என் இடத்தில் தாம்பரத்துப் பெண் ஆடினாள். மூன்றாவது மாடிக்காரி பின்வரிசையில் நின்று வந்ததையெல்லாம் பிடித்தாள். கடைசி செட்டில் எதிரணிக் கேப்டன் ஆட்டத்தை நிறுத்தி நடுவரிடம் போனார். “சார், அந்த இந்திக்காரப் பொண்ணு அவங்க பில்டிங் இல்ல. வெளியாளக் கூட்டிட்டு வந்திருக்காங்க.”

இரண்டாவது மாடி அக்கா இடுப்பில் கை வைத்துவிட்டார். “யாரும்மா வெளியாளு? எங்க வீட்டுக்கு மேல் வீடு! அவ குக்கர் விசில வெச்சுத்தான் நான் காலையில எழுந்திரிக்கிறேன்!” நானும் சண்டைக்குப் பாய்ந்தேன். நடுவர் எங்கள் இருவரையும் கையமர்த்திவிட்டு அவளிடமே கேட்டார்.

“எந்த ஊரும்மா நீங்க?”

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் யாரும் இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டோம். முப்பது வருஷமாக இங்கே இருக்கும் நானே திருநெல்வேலி என்பேன். அக்கா திண்டிவனம் என்பார். அவள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நடுவரிடம் சொன்னாள்.

“முடிச்சூர்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். இரண்டு புள்ளியில் தோற்றோம். பரீட்சை முடிந்ததும் அவள் மகளோடு கட்டாக்குக்குப் போனாள். திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போனாள்.