பச்சை டிக்

என் தவற்றுக்காக ஸ்டெல்லா வேலையை இழந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை.

விழுப்புரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து இணையப் படிவங்களுக்கு முகப்பு வடிவமைப்பது என் தொழில். மழையில் இடிந்த வீடுகளைக் கணக்கெடுக்க ஒரு தொண்டு நிறுவனம் படிவம் கேட்டது. அழகாகத்தான் செய்தேன்! பெரிய எழுத்து, பெரிய பொத்தான்...

பொத்தானை அழுத்தினால் தகவல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததென்று பதில் வந்த பிறகே பச்சை டிக் காட்ட வேண்டும். அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டம் தொண்டு நிறுவன மேலாளருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, சுத்திக்கினே கீது? பேஜாரா இருக்குது. ஜல்தியா முடியற மாதிரி பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தேன். அழுத்தியவுடன் பச்சை டிக். தகவல் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி! தவறென்று தெரியாதா எனக்கு? தெரியும். அவர் முகம் மலர்ந்தது, எனக்கு அது போதுமாயிருந்தது.

திண்டிவனத்துப் பெண் ஸ்டெல்லா. கணக்கெடுக்க வந்தவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். "பச்சை டிக் வந்துட்டா அடுத்த வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னவளும் நானே.

பெருமுக்கல் பக்கம் ஒரு தெருவில் ஏழு வீடுகளைப் பதிந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. உதவி பெறுவோர் பட்டியல் வந்தபோது ஏழில் ஒரு பெயர்கூட இல்லை.

நானும் போயிருந்த கூட்டத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்தார். "போன, பேசின... ஃபாரத்த மட்டும் போடாம வந்துட்ட!"

"இல்லீங்க சார், ஏழு தபாவும் பச்சை டிக்கு வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, போகாமலே டிக்கு வருமா?"

ஸ்டெல்லாவும் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தாள் தெரியுமா?

"வராது சார்" என்றேன்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த வேலையும் எனக்கே வரவேண்டுமென்று நினைத்தேன்... அவ்வளவுதான், வேறு காரணமில்லை. சீ!

அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் நிரலில் நாலு வரி மாற்றி அந்த டிக்கைச் சரிசெய்தேன். வேறொருவர் போய் மறுபடி பதிந்ததில், அந்த ஏழு குடும்பங்களுக்கு அடுத்த பட்டியலில் தகரக் கூரை கிடைத்தது. ஸ்டெல்லாவை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவில்லை. ஏமாற்றுக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் "அக்கா!" என்று ஓடி வந்தாள். துணிக்கடையில் நிற்கிறாளாம். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அன்னிக்கு நான் நெஜமாவே அமுக்கினேன்க்கா. வீட்லகூட யாரும் நம்பல. நீங்களாவது நம்புறீங்களா?"

இதோ, சொல்லிவிடு என்றது மனம். விழுப்புரம் வண்டி வந்து நின்றது.

"நம்புறேன் ஸ்டெல்லா."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இது போதும்க்கா... நீங்க நல்லா இருக்கணும்."

நம்புகிறேனாம்! எனக்குத் தெரியுமே... முதல் நாளிலிருந்தே தெரியுமே!

வண்டி நகர்ந்தபோதும் அவள் கையசைத்துக்கொண்டு நின்றாள். நானும் அசைத்தேன்.