ஒன்பதாம் எண்ணில் அபுபக்கர்

வயர்லெஸ் மைக்கைப் பிடித்து நான் ஒரு தும்மல் போட்டால் கொழும்பிலிருந்து ‘நூறு’ என்று பதில் வரும் என பேத்திகளிடம் அளந்திருக்கிறேன். பொய்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகவே என் குரலுக்கு மலைமேல் உள்ள ரிப்பீட்டரின் தயவு வேண்டும். நம் குரலை வாங்கி, பலம் கூட்டி, எல்லோருக்கும் திருப்பி அனுப்பும் பெட்டி அது.

அந்தப் பெட்டியை நம்பி உயிரோடு இருந்தவர் அபுபக்கர். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து ஆட்கள் அக்கரையில் மாட்டிக்கொண்ட அன்று, கரண்ட் இல்லாமல் பேட்டரியில் வயர்லெஸ் செட்டை ஓட்டி, பொழுது சாயும்வரை தகவல் கடத்தினார். நுரையீரல் கெட்டுப்போன பிறகு மாடியறையை விட்டு இறங்கவில்லை. லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் நாங்கள், என்னோடு பதினாறு பேர். காலை ஆறரைக்கு நான் மற்றவர்களை வரிசையாகக் கூப்பிடுவேன். அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு வெளியுலகம்.

எங்களில் ஒருவனான மில் எலக்ட்ரீஷியன் ஞானதுரை, பள்ளியில் என்னிடம் படித்தவன், டிஜிட்டல் ரிப்பீட்டருக்கு மாறுவோம் என்றான். குரல் தெளிவாக இருக்கும், எழுத்துச் செய்தியும் போகும். கூட்டத்தை அபுபக்கரின் மாடியிலேயே வைத்தோம்.

“ஏலே துரை, இரைச்சலே இல்லாம மனுசன் பேசுதான்னு எப்படிலே நம்புறது?”

“பாய், ரெண்டு நாள் கேளுங்க. பொறவு நீங்களே விடமாட்டீய.”

“என் மவுத்துக்குப் பொறவு மாட்டிக்கோ, போ.”

கைதூக்கச் சொன்னோம். அவர் பக்கம் ஒரு கை எழவில்லை. நானும் புதுசுக்குத்தான் தூக்கினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டிஜிட்டலில் ஒரே அலைவரிசையை எண் போட்டு அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையில் பேசுவது இன்னோர் அறையில் கேட்காது. நாங்கள் பேசுவது ஒன்றாம் எண்ணில். ஒன்பதாம் எண் ஞானதுரை சோதித்துப் பார்க்க வைத்திருந்தது. சோதித்த செட்டையே அபுபக்கருக்கென்று கொண்டுபோனவன், மாடியேறி அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, மகள் ஹஃப்ஸாவிடம் வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எண்ணை மாற்றவில்லை.

டிஜிட்டலுக்கு மாறிய முதல் நாள் கூப்பிட்டேன். அபுபக்கரிடமிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

“பாய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காவ. விடுங்க, தானா இறங்கி வருவாவ” என்று மைக்கில் கேலி பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். போன் செய்யவா என்று கேட்ட ஞானதுரையையும் நான்தான் தடுத்தேன். ரோஷக்காரரைக் கெஞ்சினால் இன்னும் முறுக்குவார் என்றேன்.

ஒன்பதாம் நாள் மவுத் செய்தி வந்தது. துக்கம் கேட்கப் போனபோது ஹஃப்ஸா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “காலையில ஒருத்தர்கூட அத்தாவுக்குப் பதில் சொல்லலையே, ஏன் ஆச்சி? நான் போன் போடவான்னதுக்கு, பிச்சையா எடுக்கணும்னு ஏசுனாவ.”

பக்கத்தில் நின்ற ஞானதுரைக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலமே ரிப்பீட்டரின் பதிவை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“கூப்பிட்டிருக்காவ டீச்சர். எட்டு நாளும்.”

ஒன்பதாம் எண்ணில், தினமும் ஆறரைக்கு அவருடைய செட். அந்தப் பதிவில் குரல் இருக்காது, நேரம் மட்டும்தான். பத்து நொடி. எட்டு நொடி. மறுபடி பத்து. எதிர்த்துப் பேசினதற்காகத் தன்னைத் தள்ளிவைத்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்.

கடைசி நாள் மட்டும் மூன்று நிமிடம். எங்கள் பதினைந்து பேரையும் பேர் சொல்லித் திட்டித் தீர்த்துவிட்டு, கோபத்தில் செட்டை அணைத்திருப்பார். எனக்கு வேண்டியதுதான்.

நான் இதுவரை எழுதிய இதைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஹஃப்ஸா தாளைக் கீழே வைத்தாள்.

“திட்டல ஆச்சி. அன்னைக்கு அத்தாவுக்குப் பேச்சே வரல. பேசுற பட்டன அமுக்கிப் புடிச்சிக்கிட்டு மூச்சு மட்டுந்தான் விட்டாவ. வெரல எடுத்துவிட்டு ஆஃப் பண்ணது நாந்தான்.”