பதினான்காம் பிரிவு: இரத்த அழுத்தம்

க்ளெண்டா ஹெட்லி அதுவரை இங்கிலாந்தில் கிராஸ்லோ என்ற சின்ன ஊரின் மருந்துக்கடையில் இருமல் மருந்தும் மூட்டுவலிக் களிம்பும் விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். அவளைப் பிடித்து ஆரோக்கியத் தூதர் ஆக்கியது தரத் திட்டம்.

மருந்துக்கடைக்காரன் மருந்து விற்றால் மட்டும் போதாது, ஊரையும் திருத்த வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. திருத்துகிற கடைக்குப் புள்ளி, புள்ளிக்குத் தக்க பணம். முதல் நிபந்தனை, கடையில் ஒருவர் ஆரோக்கியத் தூதராக இருக்க வேண்டும். கடையின் முதலாளியும் மருந்தாளுநருமான கோஜோ அசாரே, கானாவிலிருந்து வந்த ஒல்லிப் பையன், கவலைப்படுவதைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாதவன், கடையைச் சுற்றிப் பார்த்தான். அவனை விட்டால் அங்கே நின்றது க்ளெண்டா ஒருத்திதான்.

"ஆன்ட்டி, நீங்கதான்."

"நானா? இப்பதான் மாவுக்குள்ள கறி வெச்சுச் சுட்ட பை ஒண்ணைத் தின்னுட்டு வரேன், கண்ணு."

"வாயத் தொடச்சிட்டு வாங்க. பேட்ஜ் குத்தணும்."

க்ளெண்டா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. வாசலருகே ஒரு மேசை போட்டாள். ஒரு பாட்டில் இனிப்புச் சோடாவில் எவ்வளவு சர்க்கரை என்று காட்ட, பாட்டிலுக்குப் பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி வைத்தாள். மத்தியானத்துக்குள் கட்டிகளெல்லாம் ஊர்க்காரர்களின் தேநீருக்குள் போய்விட்டன. மறுநாள் பாட்டிலும் போனது. தீர்ந்த இன்ஹேலர்களைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுங்கள் என்று எழுதி ஒட்டினாள். ஒரு விதவை இறந்துபோன கணவரின் இன்ஹேலரோடு அவருடைய பல்செட்டையும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். எல்லாம் அவர் வாய்க்குள் போனதுதானே என்பது அவள் கட்சி. க்ளெண்டா இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். பல்செட்டுக்குப் புள்ளி உண்டா என்று கோஜோ உண்மையிலேயே தேடிப் பார்த்தான்.

இரத்த அழுத்தம் அளக்க வேண்டும் என்று வந்தபோதுதான் வண்டி நின்றது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் கடைக்கு வந்து இலவசமாக அளந்துகொள்ளலாம். அளப்பதற்கென்று கடையின் மூலையில் கதவு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. கிராஸ்லோ ஆண்கள் சுரங்கத்துக்குள் பயமில்லாமல் இறங்கிய வம்சம். அந்த அறைக்குள் மட்டும் போக மாட்டார்கள். உள்ளே போனவன் வெளியே வருவதற்குள் வரிசையில் நிற்கிற பெண்கள் அவனுக்கு ஒரு வியாதியை முடிவு செய்துவிடுவார்கள். அது கௌரவமான வியாதியாகவும் இருக்காது.

ஆனால் க்ளெண்டாவைத் தூங்கவிடாமல் செய்தவன் வரிசையில் இல்லை, வீட்டில் இருந்தான். அவள் கணவன் க்ளைவ் நகரசபைக் குப்பை லாரி ஓட்டுகிறவன். குனிந்து ஷூ லேஸ் கட்டினால் முகம் பீட்ரூட் ஆகிவிடும். காலையில் தலைவலி என்பான், கேட்டால் இல்லை என்பான். அவன் அண்ணன் டென்னிஸ் இரண்டு வருடம் முன்பு தன் காய்கறிப் பாத்தியில் மண்டியிட்டபடியே செத்துப்போனான். களை பிடுங்குகிறான் என்று நினைத்துப் போகிறவர்களெல்லாம் கையசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காட்சி க்ளெண்டாவின் கண்ணை விட்டு அகலவில்லை. ஊருக்கே தூதராக இருந்து என்ன பயன், சொந்தப் புருஷனின் கையில் அழுத்தம் அளக்கிற பட்டையைச் சுற்ற முடியவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"ஒரே ஒரு நிமிஷம். கைய நீட்டு."

"எதுக்கு? டென்னிஸ் நீட்டினான்ல? செவ்வாக்கெழம டாக்டர்கிட்ட போனான். வியாழக்கெழம ஒரேயடியா போயிட்டான்."

"அவன் முப்பது வருஷம் போகாம இருந்துட்டுப் போனான்யா."

"அதத்தானே நானும் சொல்றேன். முப்பது வருஷம் போகாம நல்லாத்தானே இருந்தான்."

இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சோபாவில் தூங்கும்போது பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அது இறுக்க ஆரம்பித்ததும், "நெவில் என் லீக்ஸப் புடுங்குறான்டி" என்று அலறிக்கொண்டு எழுந்தவன் மெஷினை நாய்ப் படுக்கைக்கு எறிந்தான்.

லீக்ஸ், அதாவது தடித்த வெள்ளைத் தண்டுள்ள வெங்காய வகை, க்ளைவுக்கு உயிர். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். செப்டம்பரில் தொழிலாளர் கிளப்பில் நடக்கும் லீக்ஸ் கண்காட்சியில் எவனுடைய லீக்ஸ் பெருத்திருக்கிறதோ அவன் அடுத்த செப்டம்பர் வரை தலை நிமிர்ந்து நடக்கலாம். க்ளைவ் தன் லீக்ஸை தினம் டேப் வைத்து அளப்பான். அவற்றுக்குத் தலைவலி வந்திருந்தால் டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்திருப்பான். இவ்வளவு பாடுபட்டும் வருடா வருடம் அவன் இரண்டாவது. முதல் இடம் பக்கத்துப் பாத்தி நெவில் ட்ரான்டருக்கு.

அந்த ஆகஸ்டில் மேலிடம் புது நிபந்தனை போட்டது. கடைக்கு வராதவர்களைத் தேடிப் போய் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடப் புள்ளி கிடையாது. கோஜோ நகம் கடித்தான். க்ளெண்டா நேராகக் கிளப்புக்குப் போய் கண்காட்சிச் செயலாளர் வில்ஃபைப் பிடித்தாள். வில்ஃப் தலைக்கு மேல் கூரையே விழுந்தாலும் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு நகர்கிற ஆள்.

"ஒரு மூலையில மேசை போட்டு உக்காந்துக்கறோம். நிகழ்ச்சி நிரல்ல எங்கயாவது எங்கள நுழைச்சு விடு, கண்ணு."

"வெங்காயத்துக்கும் சட்னிக்கும் நடுவுல எடம் இருக்கு," என்றான் வில்ஃப்.

அவன் வாழ்நாளில் அந்த நிரலில் போட்டிப் பிரிவைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. கிளப் கதவில் ஒட்டியபோது அது இப்படி இருந்தது. பிரிவு 13, வெங்காயம். பிரிவு 14, இரத்த அழுத்தம், நாற்பது வயதுக்கு மேல், ஆளுக்கு ஒரு கை. முதல் பரிசு, உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை, கசாப்புக்கடை அன்பளிப்பு. பிரிவு 15, சட்னி.

எது ஜெயிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. லீக்ஸ் கண்காட்சியில் பெரியதுதான் ஜெயிக்கும்.

ஒரு வாரத்தில் மருந்துக்கடைக் கல்லாவுக்கு முறையீடுகள் வர ஆரம்பித்தன. ஒருத்தியின் புருஷன் மூன்று வேளையும் வினிகரில் ஊறிய வெங்காயமும் உப்பு வறுவலுமாகத் தின்றுகொண்டிருந்தான். இன்னொருத்தியின் புருஷன் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் வேண்டுமென்றே மாமியாரை ஒரு வாரம் தங்க அழைத்திருந்தான். எல்லாரும் தங்கள் அழுத்தத்துக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். க்ளெண்டா வில்ஃபிடம் ஓடினாள்.

"கொறச்சலா இருக்கறவனுக்குப் பரிசுன்னு மாத்து, வில்ஃப். செத்து வெப்பானுங்க."

"ஒட்டினது ஒட்டினதுதான். மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி நவம்பர்லதான் கூடும்."

"அப்ப பிரிவையே தூக்கிடு."

"பன்னித்தொடைய என்ன பண்ண? அதோட, சின்னதுக்குப் பரிசு குடுக்க இது சர்ச் பஜாரா, க்ளெண்டா?"

கோஜோவிடம் சொல்லி எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவது என்று முடிவு கட்டி வீட்டுக்கு வந்தாள். க்ளைவ் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, எதற்கோ கேட்கிறவன் போலக் கேட்டான்.

"அந்தப் பதினாலாம் பிரிவுல நெவில் சேர்ந்திருக்கானா?"

க்ளெண்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சேர்ந்திருக்கான்," என்றாள். அது சுத்தப் பொய். "ஜெயிச்சுடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

"நெனப்புதான்," என்றான் க்ளைவ்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே நெவில் வீட்டுக் கதவைத் தட்டி, க்ளைவ் பதினாலாம் பிரிவில் சேர்ந்துவிட்டான், உன்னைத் தூக்கிச் சாப்பிடுவேன் என்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆரோக்கியத் தூதர் செய்கிற வேலை இல்லைதான். ஆனால் அவள் வீட்டு மெஷின் நாய்ப் படுக்கையில் கிடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நிரலை மாற்ற முடியாவிட்டாலும் நடுவர் அவள்தான். நடுவருக்கு விதி போட உரிமை உண்டு என்று வில்ஃபே ஒத்துக்கொண்டான். அவள் போட்டது பயிற்சி வகுப்பில் கற்ற பழைய விதிதான். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிய, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும்.

கண்காட்சி நாளன்று இந்த விதி பலருடைய உழைப்பை மண்ணாக்கியது. கழுத்து நரம்பு புடைக்கப் படியேறி வந்தவர்கள் ஐந்து நிமிட மௌனத்தில் சாதுவாகிப் போனார்கள். கோஜோ டை கட்டிக்கொண்டு கடிகாரம் பார்த்தான். நெவில் வாசலில் குட்டிக்கரணம் மட்டும்தான் போடவில்லை. உட்கார்ந்து எழுந்தபோது நூற்று அறுபதுக்கு இரண்டு குறைவு. அதுதான் அதுவரை அதிகம். அவன் பன்றித்தொடையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

க்ளைவ் கடைசியாக வந்தான். எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை. காலையிலிருந்து லீக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவன், கையில் ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிடம். க்ளெண்டா பட்டையைச் சுற்றினாள். மெஷின் இறுக்கிற்று, தளர்ந்தது. மேலே நூற்றுத் தொண்ணூற்று நான்கு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி அளந்தாள். ஏறக்குறைய அதேதான்.

வில்ஃப் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். கிளப் கைதட்டியது. க்ளைவ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். முதல் பரிசுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டை பிறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. க்ளைவ் ஈரத்துணியைத் தலைக்கு மேல் சுற்றினான். அந்த ஆனந்தத்தில் க்ளெண்டா அழுதுகொண்டிருப்பதை அவன் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி, இன்னிக்கே ஆஸ்பத்திரி," என்றான் கோஜோ மெதுவாக. அவனுக்குக் கவலைப்பட ஒரு நியாயமான விஷயம் கிடைத்து, ஆச்சரியமாக, அவன் நிதானமாகியிருந்தான். "நான் ஃபோன் பண்ணிடறேன்."

"லீக்ஸ் தீர்ப்பு முடியட்டும். நாலு மணிக்கு மேல போகலாம்," என்றான் க்ளைவ்.

"இப்பவே."

"நாலு மணிக்கு."

க்ளெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறி பை வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தாள். லீக்ஸ் மேசைக்குப் போய், க்ளைவின் மூன்று லீக்ஸ்களில் நடுவிலிருந்ததன் கழுத்தில் கத்தியை வைத்தாள். அந்த ஊரில் கொலைகூட நடந்திருக்கிறது, இது நடந்ததில்லை.

"க்ளெண்டா," என்றான் க்ளைவ், நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கியபடி. "கத்தியக் கீழ வெய்ம்மா."

"வண்டியில ஏறு. இல்லேன்னா மூணையும் சூப்பு வெச்சு வில்ஃபுக்கு ஊத்திடுவேன்."

ஏறினான். அவனை ஓட்டவிடக் கூடாது, க்ளெண்டாவுக்கு ஓட்டத் தெரியாது. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது நெவில்தான்.

"பயிற்சியே எடுக்கலியா?" என்று கேட்டான் நெவில் பாதி வழியில்.

"சும்மா வந்து உக்காந்தேன்."

"பொறவித் தெறமடா அது," என்றான் நெவில், மனதாரத்தான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நெவில் போய் க்ளைவின் லீக்ஸ் இரண்டாவது என்று கேட்டு வந்து சொன்னான். முதல் இடம் யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, க்ளைவும் கேட்கவில்லை. நெவில் தேநீர் வாங்கப் போன பிறகு க்ளைவ் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்தச் செவ்வாக்கெழம டென்னிஸுக்கு எவ்ளோ இருந்துச்சாம்?"

"உன்ன விடக் கொஞ்சம் கொறச்சல்."

"அப்ப அவனையும் ஜெயிச்சுட்டேன்," என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். சிரிப்பு வரவில்லை. முகத்தை அவள் கார்டிகனில் புதைத்துக்கொண்டு, அண்ணன் சாவுக்கு அழாதவன், அங்கே அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

கோஜோவுக்குப் புள்ளி முழுதாகக் கிடைத்தது. மேலிடம் பாராட்டி எழுதி, மற்ற மருந்துக்கடைகளும் உள்ளூர்க் காய்கறிக் கண்காட்சிகளைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னது. லண்டனிலிருந்து ஒருவர், எங்கள் பகுதியில் லீக்ஸ் விளையாது, மாடித் தொட்டித் தக்காளி பரவாயில்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். பன்றித்தொடையை க்ளெண்டா க்ளைவ் கண்ணிலேயே காட்டாமல் நாய்க்கும் நெவிலுக்கும் பகிர்ந்து கொடுத்தாள். பிறகு நெவிலின் இரத்த அழுத்த எண் ஞாபகம் வந்து, அவனுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நவம்பரில் கமிட்டி கூடியது. பதினாலாம் பிரிவில் பெரியதுதான் ஜெயிக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அடுத்த செப்டம்பரில் க்ளைவ் நாற்காலியில் ஐந்து நிமிடம் வாய் மூடி உட்கார்ந்தான். ஒரு வருடம் மாத்திரை விழுங்கியவன், உப்பையும் கறி பையையும் விட்டவன், குனிந்து லேஸ் கட்டினாலும் வெள்ளைக்காரனாகவே இருக்கிறவன். நூற்று இருபத்தாறு, எழுபத்தெட்டு. வில்ஃப் எல்லாப் பெயரையும் படித்துவிட்டுப் பட்டியலின் அடியில் வந்து நின்றான்.

"க்ளைவ் ஹெட்லி, கடைசி."

"தெரியும்டா," என்று முணுமுணுத்தான் க்ளைவ்.

மேசைக்குப் பின்னாலிருந்து க்ளெண்டா எழுந்து நின்று கைதட்டினாள். பேட்ஜ் குலுங்க, உள்ளங்கை சிவக்க, ஒருத்தியாகவே தட்டிக்கொண்டிருந்தாள். பாவம், சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று வில்ஃபுக்கு இரக்கமாகிவிட்டது.

"கடைசி, க்ளெண்டா. கடைசின்னு சொன்னேன்."

"கேட்டுச்சு, கண்ணு," என்றாள். "இன்னொரு தடவ சொல்லு."