முயலக்காவின் கட்டைவிரல்

தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் முயலக்காதான். அவளைவிட மூத்தவரான எதிர்வீட்டுத் தையல்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். பாசமெல்லாம் இல்லை, அவள் வாய்க்குப் பயந்த மரியாதை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் ரகம் அவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நகக் கீறல்கள். பழையவை வெள்ளைக் கோடாகவும் புதியவை சிவப்பாகவும் இருக்கும். முயல் என்றால் பஞ்சு மாதிரி சாது என்று நினைத்து வருகிறவர்களிடம் அந்தக் கையைத்தான் முதலில் நீட்டிக் காட்டுவாள்.

முயலை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். அப்போது அவர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சின்னப் பெண். அவள் கேட்டாள் என்று ஒரு அட்டைப் பெட்டியில் இரண்டு முயல்களோடு வந்து நின்றார். இரண்டுமே பெட்டை என்று விற்றவன் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நெஞ்சு முடியைப் பிடுங்கிப் போட்டு ஒன்று மெத்தை கட்டியிருக்கிறது. உள்ளே முடியே இல்லாத குட்டிகள் விரல் விரலாக நெளிகின்றன.

"உங்களை எவன் வேணும்னாலும் ஏமாத்தலாங்க. நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு" என்றாள் அவள்.

"உன்னைக் கட்டி வச்சப்பவே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் அவர். பிறகு அச்சகத்தில் காகிதம் வந்திறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து, கம்பி வலை அடித்து, பின்வாசலில் கூண்டு செய்தார். கூண்டுக்குக் கால் வைத்து, அடியில் புழுக்கை விழத் தட்டு வைத்து, தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, மேலே தகரம் போட்டு, எல்லாம் அவர் கைதான். இன்றைக்கும் அந்தப் பலகைகளில் காகிதக் கம்பெனியின் முத்திரை அழியாமல் இருக்கிறது.

அச்சகத்தை மூடினார்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் ஒட்டவில்லை. அந்த வயதில் புதிதாக எடுத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. மகளின் படிப்பு நடுவில் நின்றது. முயலக்கா பின்வாசலில் நின்று கூண்டுகளைப் பார்த்தாள். வளர்க்கக் கேட்டு வருகிறவர்கள் எப்போதோ ஒருத்தர். கறிக்குக் கேட்கிறவர்கள் வாராவாரம் இருந்தார்கள்.

முதல் முயலை அறுக்கக் கத்தியை எடுத்தவர் அவர்தான். எடுத்தாரே தவிர, கத்தி இறங்கவில்லை. முயல் ஒரு சத்தம் போட்டது. சாகப் போகிற பயத்தில் மட்டும் அது போடுகிற சத்தம், குழந்தை வீறிட்ட மாதிரியே இருக்கும். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவள் கையில் எடுத்தாள். "உள்ள போங்க, அரிசியைக் களைஞ்சு வைங்க" என்றாள். அன்றோடு வீட்டில் வேலை மாறிப்போனது. கத்தி அவளுக்கு, கரண்டி அவருக்கு. சனிக்கிழமை காலையில் முயல்களை உயிரோடு ஏற்றிப்போகக் கறிக்கடைக்காரர் வண்டி வந்து நின்றதும் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அந்தக் கறியை ஒருநாளும் அவர் வாயில் வைத்ததில்லை.

தொழில் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்டது. பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்துக் குதறிவிடும் என்பதையெல்லாம் கடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் பேர் வாங்கியது கட்டைவிரலால். வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொரு கூண்டாகத் திறப்பாள். பிடரியைப் பிடித்து, இன்னொரு கையில் பின்பக்கத்தைத் தாங்கி, மடியில் வைப்பாள். கட்டைவிரல் கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பின் மேல் ஒரே இழுப்பாகப் போகும். எலும்பு சதைக்குள் புதைந்து மழுங்கலாகத் தெரிந்தால் முயல் தேறியிருக்கிறது. சீப்பின் பல் மாதிரி கணுக்கணுவாகத் தட்டினால் தேறவில்லை.

"முள்ளு தட்டுது. இதுக்குத் தீனி போடறது தண்டம். நாளைக்கு" என்று உரக்கச் சொல்வாள். இன்னும் வற்றிப்போவதற்குள் அனுப்பிவிட வேண்டும், தள்ளிப் போட்டால் நட்டம். தொழில் என்று பார்த்தால் அதில் தப்பே இல்லை. சொல்லிவிட்டுக் காதில் மையால் ஒரு புள்ளி வைப்பாள். சமையலறை ஜன்னல் அந்தக் கூண்டுகளைப் பார்த்துத்தான் இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே அவர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை கறிக்கடைக்காரர் தமாஷாக, "என்னக்கா, தேறாததையெல்லாம் என் தலையில கட்டிடறீங்க. உங்ககிட்ட தண்டத்தீனி எதுவும் தங்காது போலிருக்கே" என்றார்.

"ஏன் தங்காது? உள்ள ரெண்டு கால்ல ஒண்ணு ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கே. அதையும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா?" என்றாள் முயலக்கா.

கறிக்கடைக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவரும் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். அதனால் அவளுக்கு அது அன்றைக்கே மறந்துபோனது.

முயலிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. சீக்கை வெளியே காட்டாது. காட்டில் தளர்ந்து நின்றால் அதைத்தான் நரி முதலில் தூக்கும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தாலும் அந்தப் பயம் விடுவதில்லை. தீனித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தின்கிற மாதிரியே பாவனை பண்ணும். மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். "கண்ணை நம்பாதீங்க, விரலை நம்புங்க" என்று முயல் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் புத்தி சொல்வாள்.

அந்த வருஷம் அவளைக் குழப்பிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. காது கிழிந்த கிழடு. கடைசி ஈற்றுக்குப் பிறகு அது தேறவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை முள் தட்டியது, ஆனால் கறிக்கடைக்காரருக்கு அந்த வாரம் கூடுதலாகத் தேவைப்படவில்லை, போகட்டும் என்று விட்டாள். அடுத்த வாரம் பார்த்தால் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். "பாத்தீங்களா, நான் கலக்கற தீனி கிழட்டையும் குமரியாக்கும்" என்று ஜன்னலைப் பார்த்துப் பீற்றிக்கொண்டாள். "ஆமாமா, உன் கைராசி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதே மாதங்களில் அவர் வெயிலிலும் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "சமைக்கும்போதே ருசி பாத்துப் பாத்து வயிறு நிறைஞ்சுபோச்சு" என்பார். இத்தனையும் அவள் கண்ணெதிரில்தான் நடந்தது. முயலின் புழுக்கை கொஞ்சம் சின்னதாக விழுந்தாலே கண்டுபிடிக்கிறவள், எதிரில் உட்கார்ந்த மனுஷனின் தட்டைப் பார்க்கவில்லை. அவரைத் தொட்டே வருஷக்கணக்காகிவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க முயலைத் தூக்குகிற கைக்கு வீட்டுக்குள் வந்தால் எதையும் தொடப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் முயல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கூண்டின் கால் ஆட்டம் கண்டது. அவரைக் கூப்பிட்டாள். சுத்தியலோடு வந்து குனிந்து ஆணி அடித்தார். எழுந்திருக்கும்போது தள்ளாடினார். விழுந்துவிடப் போகிறாரே என்று அவள் முதுகில் கை வைத்துத் தாங்கினாள். கம்பளிச் சட்டை மேலே ஏறியிருந்தது. மற்ற விரல்கள் தாங்கிக்கொண்டிருக்க, கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தானாகவே முதுகுத்தண்டின் மேல் இறங்கியது.

கணுக்கணுவாகத் தட்டியது.

அவளால் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அவர் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த விரலுக்கு என்ன தெரியும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"என்ன, நாளைக்கா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தத் தெருவையே வாயால் கட்டி ஆண்டவள், புல்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். "இத்தனை நாள் வலி இருந்திருக்குமே. ஏன் முன்னாடியே வரல?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். டாக்டர் போன பிறகு அவள் அதையே கேட்டாள்.

"சொன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார் அவர். "செலவு. ஏற்கெனவே உக்காந்து திங்கறவன். இதுல படுத்துக்கிட்டு வேற திங்கணுமா?"

"நான் அப்படி எப்பங்க சொன்னேன்?"

அவர் லேசாகச் சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்ட சிரிப்பு அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தமாஷுக்குச் சொன்னேங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படிச் சொல்லித் தப்பிப்பது அவமானம் என்று தோன்றியதால் விட்டுவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் வெளியூரிலிருந்து வந்து இருந்துவிட்டு அழுதுகொண்டே போனாள். முயல்களுக்குத் தீனி போடுவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் முயலக்கா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். அப்போதுதான் சாம்பல் பெட்டை மறுபடியும் இளைக்கத் தொடங்கியது. தீனி மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, வாயைத் திறந்து பார்த்தால் பல்லும் சரியாக இருந்தது. ஆனாலும் வாராவாரம் இளைத்துக்கொண்டே போனது. அவள் கூண்டருகே போனால், அவளைத் தாண்டிச் சமையலறை ஜன்னலைப் பார்த்து எழுந்து நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலுக்கு வந்து கேட்டாள். "உங்க சாப்பாட்டை அதுக்கா போட்டீங்க?"

"சோறு போடல. அதுக்கு ஆகாது" என்றார் அவர், தொழில் தெரிந்தவர் மாதிரி. "என் பங்கு ரொட்டி, கேரட்டு, கீரை இதெல்லாம். எனக்குத்தான் இறங்கல. அதுக்காவது இறங்கட்டுமேன்னு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது உன் விரல்கிட்டேர்ந்து தப்பிக்கறதை ஜன்னல்லேர்ந்து பாக்கறதுக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனமான ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த அட்டைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு இருந்த முகம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வெந்நீரில் துணி நனைத்து அவர் முதுகைத் துடைத்துவிட்டாள். ஒருக்களித்துப் படுத்தபடி அவரே கேட்பார், "எப்படி இருக்கு?" அவள் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுப்பாள். விரலுக்குக் கீழே எலும்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"கொஞ்சம் தேறியிருக்கு" என்பாள்.

"அப்ப இந்த வாரம் இல்ல."

"இந்த வாரம் இல்லைங்க."

அந்த விரலை வைத்து அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இப்போது தினமும் சொன்னாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும், தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் தீனி போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்து, கூண்டுகள் நிரம்பி வழிய ஆரம்பித்த பிறகு கறிக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். வீட்டில் ரேடியோ இல்லாமல் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. அவள் காதில் புள்ளி வைத்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கூண்டருகே அவர் நின்றார். சாம்பல் பெட்டையைத் தூக்கி, அவளிடம் கற்றுக்கொண்ட மாதிரியே முதுகில் விரலை ஓட்டினார்.

"இதையும் எடுத்துக்கட்டுமாக்கா? முள்ளு தட்டுதே."

"அது இருக்கட்டும்."

"ஈத்தும் நின்னுபோச்சு. சதையும் இல்ல. இந்த மாதிரி முயலுக்குத் தீனி போடறது தண்டம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

முயலக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அது அவள் மடியில் அடங்காமல் சமையலறை ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டியது.

"சொன்னேன்" என்றாள். "அவர் காது கேக்கச் சொன்னேன்."