பின்னால் தட்டும் சத்தம்

கஜேந்திரன் எனக்கு அறிமுகமானது, அவர் எனக்காக பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திய அன்று. பேராதனை கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கலஹா தேயிலை மலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பஸ் நின்றது.

“அந்த நீலச் சட்டைத் தம்பி உள்ள வந்தாத்தான் வண்டி நகரும்” என்று டிரைவர் ஆசனத்திலிருந்து குரல் வந்தது.

“பரவால்லண்ணே, இந்தா இருக்கு பேராதனை.”

“ஒனக்குப் பரவால்ல. ஓட்டுறவன் நானு. எந்தத் தோட்டம் நீ? எங்க போற?”

சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கெம்பஸுக்கா? அட, ஒரு தோட்டமே சேந்து ஒன்னய அனுப்பி வச்சிருக்கு, நீ பல்லி மாதிரி தொங்குற! ஷிராஸ், அந்தப் புள்ளய முன்னால தள்ளி விடு.”

அன்றிலிருந்து எஞ்சினுக்குப் பக்கத்து ஆசனம் என்னுடையதாயிற்று. படித்து முடிக்கும்வரை அங்கேதான் உட்கார்ந்து போனேன். எங்கள் தோட்டத்து டிவிசனில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டமளிப்பு முடிந்து அப்பா அம்மாவோடு அவர் பஸ்ஸில் ஏறியபோது, மடித்து வைத்திருந்த கறுப்பு அங்கியைத் திரும்பவும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் ஹோர்னை அடித்துக்கொண்டே கலஹா வரை போனார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டியில் மாப்பிள்ளை இருக்கிறாராக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த பஸ்ஸில் மணி வேலை செய்வதில்லை. கண்டக்டர் ஷிராஸின் கைதான் மணி. தகரத்தில் ஒரு தட்டு விழுந்தால் நிறுத்து. இரண்டு தட்டு விழுந்தால் போகலாம். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஷிராஸ் இறங்கி, பின்பக்கத்தில் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை வரலாம். ஓங்கி ஓர் அறை விழுந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எங்கள் மலைப்பாதையில் ஒரு டிரைவருக்குப் பின்னால் கண் கிடையாது. அந்தச் சத்தம்தான் கண். மனைவி தனுஜாவின் சொல்லைக் கேட்காவிட்டாலும் ஷிராஸின் தட்டைக் கேட்பவர் கஜேந்திரன். இதைச் சொன்னது தனுஜாவேதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெய்த பெரிய மழையில், கலஹாவுக்கு ஏறும் வழியில் ஒரு வளைவில் ரோட்டின் பாதி சரிந்து போனது. மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பின்னேரம், எதிரே வந்த லொறிக்கு வழிவிடக் கஜேந்திரன் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். ஷிராஸ் தட்டிக்கொண்டிருந்தார். தட்டு சரியாகத்தான் இருந்தது, இடமும் இருந்தது. ஆனால் அந்த மண் உள்ளுக்குள் ஊறிப்போயிருந்ததை யாரும் அறியவில்லை. இடதுபுறப் பின் சக்கரத்துக்குக் கீழே ரோடு கரைந்து விழுந்தது. ஷிராஸ் பாய்ந்து விலகினார். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முன் கதவால் ஒவ்வொருவராக இறங்கி முடியும்வரை, கஜேந்திரன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கடைசியாக அவரை இறக்கியபோது அந்தக் காலை மடக்க முடியவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அவரை மெச்சினார்கள்.

பஸ் திருத்தப்பட்டு வந்தது. கஜேந்திரன் ஏறி உட்கார்ந்தார், பக்கத்து ஆசனத்தில் நானும். கண்டி ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றி முடித்த ஷிராஸ் வழக்கம்போல் இரண்டு தட்டுத் தட்டினார். கஜேந்திரனின் கை ஸ்டேரிங்கிலிருந்து நழுவியது. மூச்சு மேலே ஏறியதே தவிர இறங்கவில்லை. சட்டை முழுக்க வேர்வை. மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை இல்லை என்றதும் அவமானம்தான் கூடியது. வீட்டில் யாராவது கதவைத் தட்டினாலும் எழுந்து நின்றுவிடுவார். தனுஜா துணியைக் கல்லில் அடிக்கும்போது அவர் வெளியே போய்விடுவார். பஸ்ஸின் முதலாளி மஹ்மூத் ஹாஜியார், பிலிமத்தலாவையில் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அவரே வீடு தேடி வந்தார்.

“ஒங்கள நான் விட மாட்டன், கஜேந்திரன். ஆனா பஸ் சும்மா நிக்க ஏலாதே. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி வந்து ஓட்டுங்கொ. இல்லாட்டி வேற ஆளத்தான் போடணும்.”

அவர் போன பிறகு கஜேந்திரன், தனுஜாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்: “வேற என்னா தொழில் தெரியும் தம்பி எனக்கு? மூட்ட தூக்க முதுகு இல்ல. கொழுந்து எடுக்கப் போனா, ‘நீ கிள்ளுறது பூராம் முத்தல்’னு இவளே வெரட்டிருவா.” சிரித்தார். கை மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

“எவனாச்சும் பாத்தா பைத்தியம்னு சொல்லிருவான்டா.”

“நானும் கூட வாறேன். ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லட்டும்.”

“ஒனக்கென்ன, பட்டதாரிப் பைத்தியம். மதிப்பா சொல்லுவாய்ங்க.”

அங்கே ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் மதுஷா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கதிரையைத் தன் பக்கத்தில் இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அண்ணா, இது பைத்தியம் இல்லை. பஸ்ஸ அந்த வளைவில இருந்து எடுத்தாச்சு. உங்கட உடம்பு இன்னும் அங்கதான் நிக்குது” என்றார். பிறகு, பதற்றம் வரும்போது கையோரத்திலும் புருவத்திலும் கழுத்தெலும்புக்குக் கீழேயும் விரல்களால் தட்டிக்கொண்டே மூச்சு விடும் முறையைச் சொன்னார். “இந்தளவு வேகத்தில” என்று தன் இரும்பு மேசையின் ஓரத்தில் இரண்டு விரல்களால் தட்டிக் காட்டினார்.

கஜேந்திரனின் வலது கால் தரையில் ஓங்கி அழுந்தியது. இடது கை பக்கத்தில் கியரைத் தேடிக் காற்றைப் பிடித்தது. முகம் வெளுத்துவிட்டது.

“தட்டாதீங்க மிஸ்! நிப்பாட்டுங்க!”

மதுஷா கையை எடுத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தகரத்தில் விடாமல் தட்டினால் எங்கள் பாதையில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கினேன்.

“ஐயோ, எனக்குத் தெரியாது அண்ணா. நான் பஸ்ஸில மணிதான் கண்டனான்.” மேசையை விட்டுத் தன் கதிரையை நகர்த்திக்கொண்டார். “சரி, தட்டுறத இப்ப விடுவம். முதல்ல மூச்சு மட்டும். மூக்கால மெல்ல இழுங்கோ. இழுத்தத விட விடுறது நீளமா இருக்கோணும். ஏத்தத்தில இழுத்து, இறக்கத்தில மெதுவா விடுற மாதிரி.”

“எறக்கத்துல மெதுவாத்தான் போகணும்” என்றார் கஜேந்திரன். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே பகிடி அது.

சில வாரங்கள் மூச்சு மட்டும்தான். பிறகு ஒரு நாள் மதுஷா, “இனித் தட்டிப் பாப்பம். நான் தட்டேல்லை, நீங்களே தட்டுங்கோ. மற்ற ஆள் தட்டினா நீங்கள் கேக்கிற ஆள். நீங்கள் தட்டினா சொல்லுற ஆள்” என்றார். நாங்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “இது மருந்து இல்லை அண்ணா. பயத்தைத் துரத்தாது. பயம் வாற நேரம் கொஞ்சம் நிதானிக்கலாம், அவ்வளவுதான். இதால எல்லாம் சுகமாகும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.”

ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸுக்குள் கஜேந்திரன் பழகத் தொடங்கினார். இரண்டு விரல்கள் கழுத்தெலும்புக்குக் கீழே மெல்லத் தட்டும். உதடு குவிந்து மூச்சு நீளமாக வெளியே போகும். ஷிராஸ் அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணே, பலாப்பழம் மாதிரி நெஞ்சத் தட்டித் தட்டிப் பாக்கிறீங்க. பழுத்துட்டுதா?”

“நீ பேசாம இரு. இன்னும் காய்தான்.”

பெருநாளுக்கு முந்திய வாரம் கஜேந்திரன் ஸ்டேரிங்கில் உட்கார்ந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஷிராஸ் தகரத்தைத் தட்டக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும், அல்லது விசில் ஊத வேண்டும். ஷிராஸ் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “பொலிஸ்காரன் ஆகிட்டன்” என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெயில் நாட்கள் நன்றாகத்தான் போயின.

பிறகு மழை வந்தது. நான் பேராதனையில் வேலை முடிந்து, என் பழைய ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன். டவுனுக்குப் போய்த் திரும்பும் பெண்களும் ஸ்கூல் பிள்ளைகளுமாக பஸ் நிறைந்திருந்தது. ரோடு இன்னும் பாதியாகவே கிடந்த அந்த வளைவில், மேலேயிருந்து விறகு லொறி ஒன்று வந்து எதிரே நின்றது. சேற்றில் அதனால் பின்னால் ஏற முடியாது. நாங்கள்தான் பின்னால் போக வேண்டும்.

ஷிராஸ் இறங்கிப் பின்னால் போனார். கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி பூராவும் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் ஷிராஸ் நனைந்துபோய் டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்தார்.

“விசில் கேட்டுதா அண்ணே?”

“இல்ல.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விபத்தைப் பற்றி ஷிராஸ் ஒரு நாளும் பகிடி பண்ணியதில்லை. இப்போதும் பண்ணவில்லை.

“தட்டாட்டி ஏலாது அண்ணே.”

கஜேந்திரன் பஸ்ஸுக்குள் திரும்பினார். “எல்லாரும் எறங்குங்க.”

“இந்த மழையிலயா? பச்சப் புள்ளைங்க இருக்கு” என்றாள் ஒரு பெண். “ஓட்டத் தெரியாட்டி எதுக்கு ஏறி ஒக்காந்தீங்க?” என்று பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தினார்.

“ஓட்டத் தெரியும். ஒங்கள ஏத்திக்கிட்டுப் பின்னால போக மாட்டேன். எறங்குங்க.” குரல் நடுங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை. “தம்பி, நீயும்தான்.”

எல்லாரும் இறங்கி மலைப் பக்கமாக ஒதுங்கினோம். ஜன்னலுக்கு நேரே நான் நின்றேன். ஷிராஸ் பின்னால் போனார். முதல் தட்டு விழுந்தது.

கஜேந்திரன் துள்ளினார். கால் தவறி எஞ்சின் நின்றுபோனது. பஸ் ஒரு சாண் பின்னால் நகர்ந்து குலுங்கி நின்றது. என் பக்கத்தில் நின்ற பெண் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். கஜேந்திரன் வாயைத் திறந்து காற்றை விழுங்கப் பார்த்தார். கண்டி ஸ்டாண்டில் நான் பார்த்த அதே முகம். கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை கதவுப் பிடியில் இருந்தது. லொறிக்காரன் பொறுமை இழந்து ஹோர்னை அடித்தான்.

பிடியிலிருந்து கை விலகியது. இரண்டு விரல்கள் கழுத்தெலும்புக்குக் கீழே போயின. தட்டினார். உதடு குவிந்தது. முதல் மூச்சு பாதியில் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. ஹோர்ன் திரும்பவும் அடித்தது. அவர் நிமிரவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மூச்சு, இறக்கத்தில் இறங்கும் வண்டியைப் போல, நீளமாக வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடியில் அது வெள்ளையாகப் படிந்தது.

எஞ்சினைப் போட்டார். கண்ணாடியை இறக்கி, வலது கையை மழையில் வெளியே நீட்டி, கதவுத் தகரத்தில் ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு.

அது கண்டக்டர் டிரைவருக்குச் சொல்வது. ஒரு டிரைவர் கண்டக்டருக்கு அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. பின்னால் ஷிராஸ் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு தட்டத் தொடங்கினார், விடாமல்.

பஸ் பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கஜேந்திரனின் தோள் அதிர்ந்தது, ஆனால் கால் தவறவில்லை. இடது சக்கரம் ஓரத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கமாக உருண்டது. முன்பு கத்திய ஆள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓங்கி ஓர் அறை விழுந்தது. பஸ் அந்த இடத்திலேயே நின்றது.

லொறி உரசாத குறையாகக் கடந்து போனது. எல்லாரும் ஏறினோம். ஷிராஸ் முன்னால் வந்து, தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பழுத்துட்டுதா அண்ணே?”

“மூடிக்கிட்டு டிக்கட்ட வெட்டு.”

கலஹாவில் எல்லாரையும் இறக்கிய பிறகு, கஜேந்திரன் பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். சாவியை ஷிராஸின் கையில் கொடுத்து, “இன்னைக்கு இனி என்னால ஏலாது. ஹாஜியாருக்கு நீயே சொல்லு” என்றார். திரும்பும் ட்ரிப்பை வேறு டிரைவர் ஓட்டினார். ஷிராஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பஸ்ஸின் சாவி கஜேந்திரனின் வீட்டுக்கு வந்தது.

கஜேந்திரன் இன்றும் அதே பஸ்ஸில்தான் இருக்கிறார். கலஹாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் முதல் பஸ் அவருடையது. மழை பிடிக்கும் பின்னேரங்களில் கறுப்பையா என்ற இன்னொரு டிரைவர் ஓட்டுகிறார். ஹாஜியார் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். ஷிராஸின் விசில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவர் திரும்பவும் கையால்தான் தட்டுகிறார். தட்டுவதற்கு முன் கஜேந்திரன் கதவில் இரண்டு தட்டுத் தட்டும்வரை காத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை கஜேந்திரன் மதுஷாவிடம் போய் வருகிறார். இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, தனியாகவே போகிறார்.